தேயாத துத்தநாகம்

ஈஸாஃபியோர்துர் துறையில்
பிப்ரவரியின் குட்டைப் பகல் முடிவதற்குள்
ஓர்முரின் படகைத் தண்டவாளத்தில் இழுத்துக் கரையேற்றினார்கள்.
ஓராண்டுக் கடல் அதன் வயிற்றிலிருந்து
சொட்டுச் சொட்டாய்த் திரும்பிப் போனது.

"பார் ஹல்பெரா,
துத்தநாகக் கட்டி ஒன்றுகூடக் கரையவில்லை.
கடையில் வாங்கியபோது இருந்த விளிம்பு
அப்படியே இருக்கிறது.
இந்த வருடம் அந்தச் செலவு மிச்சம்."

அவள் சிரிக்கவில்லை.
கையுறையைக் கழற்றி நகத்தால் சுரண்டினாள்.
நீலமாய் ஒரு தோல் உரிந்து வந்தது.
"இதற்கு யார் வர்ணம் அடித்தது?"
"நான்தான். டப்பாவில் மீதி இருந்தது.
சாம்பல் நிறத்தில் அசிங்கமாக இருந்ததே."

பதில் சொல்லாமல் பின்பக்கம் நடந்தாள்.
வெண்கல விசிறி
புளி போட்டுத் தேய்த்ததுபோல் இருந்தது,
ஒரு கீறல் இல்லை.
அதற்கு ஒரு முழம் தள்ளிச் சுக்கான்.
எஃகின் முகமெல்லாம் அம்மைத் தழும்பு.
ஒரு குழியில் திருப்புளியை வைத்து அழுத்தினாள்.
மறுபக்கம் வந்தது.

ஓர்முர் காப்பிக் குடுவையின் மூடியைத்
திறந்தவர் திறந்தபடி நின்றார்.

சாக்குக்கட்டியால் படகின் மேலேயே எழுதினாள்,
இரண்டு வரி.
மேல் வரியில் இரும்பு
இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு
அயனியாகித் தண்ணீருக்குள் போகிறது.
கீழ் வரியில் கடலில் கரைந்த ஆக்சிஜன்
நான்கை வாங்கிக்கொள்கிறது.

"இது பாதி. அதுவும் பாதி.
தனியாக எந்தப் பாதியும் நடக்காது.
ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் நடக்க வேண்டியதில்லை.
கொடுப்பது சுக்கானில்,
வாங்குவது அதோ, உங்கள் பளபளப்பான விசிறியில்.
எலக்ட்ரானுக்கு நீந்தத் தெரியாது,
உலோகத்துக்குள்ளேயே நடந்து போகும்.
நீந்துகிற வேலை அயனிகளுடையது."

"துத்தநாகம்?"

"வாசலில் முதலில் நின்று கொடுத்திருக்கும்.
நீங்கள் அதன் வாயை அடைத்துவிட்டீர்கள்.
கடல் கேட்பதை நிறுத்தவில்லையே.
அடுத்த வீட்டில் கேட்டது."

கீழ் வரிக்கு நான்கு வேண்டும், மேல் வரி இரண்டுதான் தரும்.
மேல் வரியை இரண்டால் பெருக்கினாள்.
இடமும் வலமும் எலக்ட்ரான்களை அடித்தாள்.
இங்கே அவள் கை கொஞ்சம் தயங்கியது.
பதினோரு வருடம் முன்பு அக்குரேரியில்,
எந்திர அறைச் சான்றிதழுக்கான தேர்வில்,
கடைசிச் சமன்பாட்டில் இரண்டை
அடிக்க மறந்து விட்டுவைத்திருந்தாள்.
திருத்தியவர் சிவப்பில் கேட்டிருந்தார்:
இவை எங்கே தங்கும்?

இதை எழுதும் என் மொழியில்
எலக்ட்ரானை இழப்பதற்குப் பெயர் ஆக்சிஜனேற்றம்.
பெறுவதற்குப் பெயர் ஒடுக்கம்.
தெரிந்து வைத்தார்களோ, தெரியாமல் வைத்தார்களோ,
கொடுப்பது ஏறுகிறது, வாங்குவது ஒடுங்குகிறது.
பள்ளியில் இதை மாற்றி எழுதி
நான்கு மதிப்பெண் இழந்தேன்.
அதனால் ஏறினேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

"சுரண்டிவிட்டால் சரியாகிவிடுமா?"
"கட்டி சரியாகிவிடும்."
சுக்கானைப் பற்றி அவர் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.
அது சீட்டில் வந்தது,
துத்தநாகம் வாங்கும் விலையைப்போல் முப்பது மடங்கு.

மறுநாள் முழங்காலிட்டு அவரே சுரண்டினார்.
நீலத் துகள் பனியில் விழுந்தது.
பின்பக்கத்துக்கு மட்டும் புதிதாய் இரண்டு கட்டி,
அவற்றைச் சுற்றி நாடா ஒட்டி
வர்ணக்காரனைக் கைநீட்டி எச்சரித்தார்:
"இதன்மேல் ஒரு பொட்டு விழக்கூடாது."

படகு இறங்கிய மாலை
சாக்குக்கட்டி வரிகளை யாரும் அழிக்கவில்லை.
தண்ணீர் முதலில் தொட்டது கீழ் வரியை,
கேட்கிற பாதியை.

அணைகரையில் நின்று ஓர்முர் கேட்டார்,
"புதுக் கட்டி எவ்வளவு நாள் வரும்?"

ஹல்பெரா கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்,
"நன்றாகத் தேய்ந்தால்
ஒரு வருடம்."